ஸ்டாஃப் ரூம் குழம்பு

எங்கள் ஹோட்டலில் சாப்பிட்டவர்களை இரண்டாகப் பிரிக்கலாம். முதல் வகையினர், இந்த ரோட்டிலேயே இப்படி ஒரு மீன் குழம்பு கிடையாது என்று சத்தியம் செய்வார்கள். அவர்கள் எல்லாரும் பஸ் டிரைவர்கள், கண்டக்டர்கள். இரண்டாவது வகையினர் அதே பஸ்களில் வந்த பயணிகள். அவர்கள் என்ன சொன்னார்கள் என்பது யாருக்கும் தெரியாது. சொல்ல வாயைத் திறப்பதற்குள் பஸ் கிளம்பிவிடும்.

ஹோட்டல் இருப்பது அச்சரப்பாக்கத்துக்கு முன்னால், ஜி.எஸ்.டி. ரோட்டின் ஓரத்தில். கீழே சாப்பாட்டு ஹால், மாடியில் ஆறு ரூம், பின்பக்கம் எங்கள் வீடு. ஆரம்பித்தது தாத்தா. ஏரித் தண்ணீர் பாயும் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, லாரிக்காரர்களுக்கு டீ போடக் கிளம்பிய புண்ணியவான். நாலு மூங்கில் நட்டுக் கீற்று வேய்ந்த கொட்டகை அது. என் அப்பா, எங்கள் பக்கத்து வழக்கப்படி நைனா, அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் கொட்டகை கொஞ்சம் பெரிசாகும். என் சின்ன வயதில் அதில் இரண்டு பெஞ்சு இருந்தது. என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் சொன்னபோது நாற்பது பேர் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். போன பொங்கலுக்கு என் மகனிடம் சொல்லும்போது ஒரு மந்திரி காரை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார்.

மாடி ரூம்களைக் கட்டியது நைனா. மகாபலிபுரம் போக வேண்டிய ஒரு வெள்ளைக்கார ஜோடி, கார் படுத்துக்கொண்டதால் ஒரே ஒரு ராத்திரி தங்கியது. மறுநாளே போர்டில் 'வெளிநாட்டினர் தங்கும் விடுதி' என்று எழுதிவிட்டார். அதற்கப்புறம் அதிக நாள் தங்கியவர்கள் ரோட்டை அகலப்படுத்த வந்த சர்வேக்காரர்கள். ஒரு மாதம் எங்கள் ரூமில் படுத்து, எங்கள் சாப்பாட்டைச் சாப்பிட்டு, கடைசியில் எங்கள் வாசலையே அளந்து கல் நட்டுவிட்டுப் போனார்கள். நைனா அவர்களுக்குப் போகும்போது பார்சலும் கட்டிக் கொடுத்தார்.

ஆனால் நைனா முட்டாள் இல்லை. இந்தத் தொழிலில் ஒரு பெரிய உண்மையை அவர் சீக்கிரமே கண்டுகொண்டார். பஸ் எங்கே நிற்க வேண்டும் என்று முடிவு செய்வது பயணி இல்லை, டிரைவர். அப்படியானால் ஹோட்டலில் நல்ல சாப்பாடு யாருக்குப் போட வேண்டும்? விடை தெரிந்ததும் ஹாலுக்குப் பக்கத்தில் ஒரு அறை கட்டி, பச்சைத் திரை போட்டு, இரண்டு ஃபேன் மாட்டினார். அதுதான் ஸ்டாஃப் ரூம். டிரைவருக்கும் கண்டக்டருக்கும் தலைவாழை இலை, மீன் குழம்பு, வறுவல், தயிர், கடைசியில் பீடா. எல்லாம் இலவசம். ஹாலில் பயணிகளுக்கு ஒரு தட்டு, ஒரு கரண்டி சோறு, அதன்மேல் குழம்பு என்று சொல்லி ஊற்றப்படும் ஒன்று.

கண்டக்டர் இறங்கும்போதே குரல் கொடுப்பார். "பத்து நிமிசம் நிக்கும். துன்றவங்க துன்னலாம். அப்பால வண்டி பூடுச்சின்னு பொலம்பக் கூடாது." ஆனால் அந்தப் பத்து நிமிஷம் பயணிகளுக்குத்தான். ஸ்டாஃப் ரூமில் பீடா மென்று முடிக்க எவ்வளவு நேரம் ஆகிறதோ அதுதான் உண்மையான நேரம். அது எப்போது முடியும் என்று தெரியாமல் ஜனங்கள் அவசர அவசரமாக விழுங்கிவிட்டு வெயிலில் பஸ் ஓரமாக நின்றுகொண்டிருப்பார்கள்.

இதில் ஒன்றும் புதுமை இல்லை. ரோட்டோர ஹோட்டல்கள் பலவற்றில் நடப்பதுதான். எங்கள் வீட்டில் இதற்கு மேல் ஒரு சங்கதி இருந்தது. அது அம்மா.

அந்தக் குழம்பை வைத்தது அம்மா. அவள் பிறந்தது மகாபலிபுரத்துக்குத் தெற்கே, கடற்கரையை ஒட்டிய ஊரில். வாரத்தில் மூன்று நாள் என் மாமா டிவிஎஸ் வண்டியின் பின்னால் ஐஸ் பெட்டி கட்டி, சங்கராவோ காரப்பொடியோ கொண்டுவந்து போடுவார். பின்பக்கம் எங்கள் வீட்டுச் சமையல்கட்டில் உட்கார்ந்து, அம்மியில் அரைத்து, ஒரு பெரிய அண்டா நிறைய அம்மா குழம்பு வைப்பாள். பதினொரு மணிக்கு இரண்டு பேர் வந்து அண்டாவைத் தூக்கிக்கொண்டு முன்பக்கம் போவார்கள். அத்தோடு அவள் வேலை முடிந்தது. குடும்பப் பெண் ஹோட்டல் ஹாலுக்கு வரக்கூடாது என்பது நைனாவின் சட்டம். அவளும் வந்ததில்லை.

அந்த அண்டா முன்பக்கம் போனதும் என்ன ஆகும் என்பது எனக்குப் பன்னிரண்டு வயதில் தெரிந்துவிட்டது. நோட்டு வாங்கக் காசு கேட்டு நைனாவைத் தேடிப் போனேன். அங்கே மாஸ்டர் முதலில் ஒரு வாளிக் குழம்பை மீனோடு எடுத்து ஸ்டாஃப் ரூமுக்கு அனுப்பினார். மிச்சத்தை மூன்று அண்டாவில் பங்கு போட்டார். ஒவ்வொன்றிலும் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார். கெட்டியாக்கக் கடலை மாவு, நிறத்துக்கு மிளகாய்த்தூள், புளிப்புக்கு என்னவோ ஒரு பொடி. எங்கள் ஹோட்டலில் இதற்குப் பெயர் 'பெருக்குவது'. நான் வாயைப் பிளந்து நிற்பதைப் பார்த்து நைனா என்னை ஓரமாக இழுத்தார்.

"அம்மாகிட்ட சொல்லாத. அது மனசு ஒடஞ்சி பூடும்."

சொல்லவில்லை. ஏனென்றால் நைனா சொன்னது உண்மை. அம்மாவுக்கு நகை ஆசை கிடையாது, புடவை ஆசை கிடையாது. இந்த ரோட்டில் போகிற ஜனம் தன் கையால் வயிறார சாப்பிட்டுவிட்டுப் போகிறது என்கிற ஒரே பெருமைதான். "எந்த ஊர்ல ஏறுச்சோ, வவுறு காஞ்சி வருதுங்க. நல்லா துன்னட்டும்" என்பாள். அதற்காகவே அண்டாவில் இன்னும் இரண்டு மீன் கூடப் போடுவாள். அந்த இரண்டும் டிரைவர் இலைக்குத்தான் போனது.

ராத்திரி சாப்பிடும்போது நைனா அன்றைய பாராட்டுகளை வரிசையாகச் சொல்வார். "இன்னிக்கி ஒரு ஆளு இலைய வழிச்சி நக்கிட்டான்மே. யாரு கைப்பக்குவம்னு கேட்டுகினே கீறான்." பொய் இல்லை. நக்கியவர் டிரைவர் என்பதை மட்டும் சொல்லமாட்டார். ஒரு அண்டா அத்தனை பேருக்கு எப்படிக் காணும் என்று அம்மா எப்போதாவது கேட்டால், "தீந்தா சாப்பாடு இல்லன்னு சொல்லிடுவோம்" என்பார். அம்மா நாளைக்கு இன்னும் கொஞ்சம் சேர்த்து வைக்கிறேன் என்பாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்று சொன்னவர்கள் எங்கள் நைனாவைப் பார்த்ததில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் மறைத்தார். நைனா, தம்பி, மாஸ்டர், சப்ளையர், நான், எல்லாரும் கூட்டு. நான் இப்போது திருப்போரூர் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர். பொய் சொல்லக்கூடாது என்று பிள்ளைகளுக்கு வருஷம் தவறாமல் பாடம் நடத்துகிறேன்.

எல்லாவற்றையும் கெடுத்தது என் தம்பிதான். மறைமலைநகரில் பார்த்துக்கொண்டிருந்த கம்பெனி வேலையை விட்டுவிட்டு ஹோட்டலை எடுத்து நடத்த வந்தான். சுவரில் ஒரு மாட்டு வண்டி படம் வரைந்தான். அதன் முன்னால் நின்று ஜனங்கள் போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டுமாம். அதோடு சாப்பாட்டு வீடியோ போடுகிற ஒரு பையனையும் வரச் சொன்னான். லட்சக்கணக்கில் பார்க்கிறார்களாம். அவனுக்காக ஹாலில் ஒரு டேபிளுக்குத் துணி விரித்து, ஸ்டாஃப் ரூம் வாளியிலிருந்து குழம்பு எடுத்து வைத்து, ரோஜாப் பூவோடு வாசலில் காத்திருந்தான்.

வீடியோக்காரன் காரை நிழலில் விட வேண்டுமென்று கட்டிடத்தைச் சுற்றிப் பக்கவாட்டில் நிறுத்திவிட்டான். அந்தப் பக்கம் இருக்கும் கதவு நேராக ஸ்டாஃப் ரூமுக்குப் போகும். காக்கி நிறத்தில் பேன்ட், வெயிலுக்குத் தோளில் துண்டு, தூக்கக் கலக்கம். எங்கள் பழைய சப்ளையருக்குக் கண்ணில் புரை. ஆனால் காக்கி மட்டும் நன்றாகத் தெரியும். முப்பது வருஷமாக அந்த ஒரு நிறத்தைப் பார்த்துத்தான் அவர் மரியாதை கொடுத்திருக்கிறார்.

"வா அண்ணாத்த, வா. குந்து. இன்னிக்கி சங்கரா" என்று கையைப் பிடித்து இழுத்துப்போய், ஃபேனுக்குக் கீழே உட்கார வைத்து இலை போட்டுவிட்டார். தனக்குத்தான் இந்த வரவேற்பு என்று அந்தப் பையன் நினைத்தான். சாப்பிட்டான். வீடியோவில் பார்த்தால் தெரியும், மூன்றாவது கவளத்தில் பேச்சை நிறுத்திவிட்டான். பேசுவதையே தொழிலாகக் கொண்டவன் அரை நிமிஷம் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டான். தம்பி ரோஜாப் பூவோடு இன்னும் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தான்.

சமைத்தது யார் என்று வீடியோவில் கேட்கிறான். நைனா தொண்டையைச் செருமிக்கொண்டு, எங்க பரம்பரைப் பக்குவம் என்று சொல்லி மாஸ்டரை முன்னால் தள்ளுகிறார். மாஸ்டர் வெட்கப்பட்டுச் சிரிக்கிறார். எனக்கு அதைப் பார்த்துப் பற்றிக்கொண்டு வந்தது. அம்மா வீட்டுக்கு வந்ததும் நைனாவிடம் சண்டைக்குப் போனேன். அம்மா என்னை அடக்கினாள்.

"யாரு பேரு சொன்னா இன்னாடி? மாஸ்டரும் பாவம், நெருப்புல நிக்கிறாரு. புள்ளைக்கு புடிச்சிருந்துச்சா, அத்த சொல்லு."

அந்த வீடியோவைத் தம்பியின் போனில் நாலு தடவை பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் அந்தப் பையன் பேச்சை நிறுத்துகிற இடம் வந்ததும் சிரித்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தாம்பரத்திலிருந்து கார்கள் கிளம்பி வந்தன. ரோட்டின் இரண்டு பக்கமும் வண்டி. குழம்பு வாங்கிச் சாப்பிட்டவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். இவர்கள் பஸ்ஸில் வந்தவர்கள் இல்லை. ஹாரன் அடித்துக் கூப்பிட ஆள் கிடையாது. சாப்பிடவும் திட்டவும் சாவகாசமாக நேரம் இருந்தது. வீடியோவுக்குக் கீழே நூற்றுக்கணக்கில் எழுதினார்கள். 'குழம்பா, கை கழுவின தண்ணியா?' என்பதுதான் அதில் மரியாதையான கேள்வி. அம்மா எழுத்துக் கூட்டி வாசிப்பாள் என்பதால் அவள் போனில் நெட்டை நிறுத்திவைத்தோம். டவரே இல்லையாம் என்று தம்பி சொன்னான். நானும் ஆமாம் என்றேன்.

மூன்றாவது ஞாயிறு நான் அம்மா வீட்டில்தான் இருந்தேன். பட்டுப் புடவை கட்டிய ஒரு பெண், திருப்போரூர் கோயிலில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வருகிறவள், எங்கள் ஹோட்டல் பாத்ரூமுக்குள் தலையை நீட்டிவிட்டு உடனே வெளியே எடுத்துக்கொண்டாள். வேறு இடம் கேட்டுப் பின்பக்கம் வந்தாள். அம்மா வீட்டு பாத்ரூமைக் காட்டினாள். திரும்பி வரும்போது அடுப்பில் இருந்த அண்டாவின் மணம் அந்தப் பெண்ணை நிறுத்திவிட்டது. அன்றைக்குக் கூட்டம் அதிகம் என்று அம்மா இரண்டாவது அண்டா வைத்திருந்தாள்.

"இங்க இன்னா குழம்பு வெக்கிறீங்க?"

"ஓட்டலுக்குத்தாம்மா. இரு, ருசி பாரு" என்று அம்மா அவள் உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றினாள்.

அந்தப் பெண் நக்கிப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். "அப்ப எங்களுக்குப் போட்டது இன்னா?"

நான் ஓடிப்போய் அந்தப் பெண்ணை எப்படியாவது அனுப்பிவிடலாம் என்று பார்த்தேன். அதற்குள் அம்மா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். முட்டி வலி, சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பாள். அப்படியே நடந்து, கல்யாணமாகி வந்த நாளிலிருந்து காலடி வைக்காத ஹாலுக்குள் போனாள். நைனா கல்லாவில் எழுந்து நின்றுவிட்டார். அம்மா முதல் டேபிளுக்குப் போனாள். யாரோ பாதியில் வைத்துவிட்டுப் போன தட்டு இருந்தது. சோற்றின் மேல் நின்ற குழம்பைச் சுண்டுவிரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

சத்தம் போட்டிருந்தால் எங்களுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். பின்னாலேயே வந்த என் பக்கம் திரும்பி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"உனுக்கு தெரியுமா?"

"தெரியும்மா."

அவள் முகம் போன போக்கை என்னால் இன்றைக்கும் நினைக்க முடியவில்லை. நைனா செய்ததை அவள் தாங்கிக்கொண்டிருப்பாள். பன்னிரண்டு வயதிலிருந்து நானும் கூட என்பதுதான் அவளை அடித்துவிட்டது. இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது. இருக்கட்டும்.

மறுநாள் அம்மா அடுப்பை முன்பக்கம் மாற்றிவிட்டாள். நாலு அண்டா, நாலிலும் ஒரே குழம்பு. தண்ணீர்க் குடத்தோடு மாஸ்டர் வந்தபோது கரண்டியை நீட்டி நிறுத்தினாள். "அதுல கை வெச்ச, ஒன்ன எடுத்து உள்ள போட்டுருவேன்." பச்சைத் திரையைக் கழற்றி மடித்துத் துடைப்பத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். டிரைவர் கண்டக்டர் எல்லாரும் ஹாலில்தான் உட்கார வேண்டும். சாப்பாடு அவர்களுக்கு இலவசம்தான், மீனும் அதே மீன்தான், ஒரு துண்டு குறையவில்லை.

இங்கேதான் எனக்கு மனித சுபாவத்தைப் பற்றி ஒரு பாடம் கிடைத்தது. டிரைவர்கள் வருவதை நிறுத்திவிட்டார்கள். குழம்பில் குறை சொன்னவர் ஒருவர்கூட இல்லை. "பேசஞ்சருக்கும் இதான், எனுக்கும் இதானா?" என்று கேட்டாராம் ஒருவர். இத்தனை வருஷம் அவர்கள் ருசித்தது மீனை மட்டும் இல்லை, திரைக்கு அந்தப் பக்கம் இருப்பவனுக்கு இது கிடைக்கவில்லை என்பதையும்தான். இரண்டே மாதத்தில் இருபது பஸ் நின்ற இடத்தில் மூன்று நின்றது. நைனா கல்லாவில் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். தம்பி மாட்டு வண்டி படத்தை வெறித்துப் பார்த்தான். "ஓட்டல மூடணும்மே, உன் வீம்பால" என்றார் நைனா. "மூடு" என்றாள் அம்மா. "துன்ற மாதிரி போட முடியலன்னா மூடு."

போன மாதம் ஒரு நாள் நான் போயிருந்தபோது மதியம் ஒரு பஸ் நின்றது. இப்போது குழம்பு நன்றாக இருக்கிறது என்று கேள்விப்பட்டு, நிறுத்தச் சொல்லிப் பயணிகள் சண்டை போட்டார்களாம். டிரைவர் இறங்கவில்லை. முறைத்துக்கொண்டு சீட்டிலேயே உட்கார்ந்திருந்தார். ஐந்தாவது நிமிஷமே ஹாரன் அடிக்க ஆரம்பித்தார். கையை எடுக்காமல் அடித்தார். ஹாலில் இருந்தவர்கள் அரைகுறையாக எழுந்து ஓடினார்கள். ஒரு பெண் மட்டும் எழவில்லை. மடியில் தூங்குகிற குழந்தை, தோளில் ஒரு பை, வலது கையில் அப்போதுதான் பிசைந்த சோறு. பஸ்ஸைப் பார்க்கிறாள், தட்டைப் பார்க்கிறாள். கடைசியில் கையை உதறிவிட்டு எழப் பார்த்தாள்.

அம்மா அவள் தோளில் கை வைத்து உட்கார வைத்தாள். கரண்டியோடு வெளியே நடந்தாள். வெயிலில், பஸ்ஸின் முன்னால், கண்ணாடிக்கு நேராகப் போய் நின்றாள். நான் பயந்து பின்னாலேயே ஓடினேன்.

டிரைவர் ஜன்னலில் தலையை நீட்டினார். நரைத்த மீசை. சின்ன வயதிலிருந்து நான் பார்த்த முகம். ஸ்டாஃப் ரூமில் எத்தனையோ வருஷம் சாப்பிட்டவர்.

"ஏ ஆயா, வழிய வுடு. இன்னா வோணும் உனுக்கு?"

"உள்ள ஒரு பொண்ணு துன்னுகினு கீது."

"அதுக்கு நா இன்னா பண்றது? டைம் ஆய்டுச்சி. யாரு நீ?"

அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை வருஷத்தில் தன் சோற்றைச் சாப்பிட்ட ஒரு டிரைவரிடம் அவள் நேருக்கு நேர் நின்று பேசுவது அதுதான் முதல் தடவை.

"நீ இவ்ளோ நாளா துன்னியே, அந்த சோத்த ஆக்குனவ."

ஹாரனிலிருந்து அவர் கை தானாகவே நழுவியது. எஞ்சினை நிறுத்தினார்.

அம்மா திரும்பி உள்ளே போனாள். அந்தப் பெண் நிதானமாகச் சாப்பிட்டாள். தட்டைக் காலி செய்துவிட்டு, கொஞ்சம் கூச்சத்தோடு அம்மாவை நிமிர்ந்து பார்த்து, "இன்னும் ரெண்டு கரண்டி சோறு போடுறீங்களா?" என்று கேட்டாள். அம்மா அழுதுகொண்டே போட்டாள். எங்கள் ஹாலில் இரண்டாவது தடவை சோறு கேட்க நேரம் கிடைத்த முதல் பஸ் பயணி அவள்தான்.